என் மகள் என்னைப் பேட்டி எடுத்த விவரம்

கல்முனை,
03.11.2009.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் முகைதீன்பாவா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் வெயிலும் வேலையும் உங்களை அதிகம் வாட்டாமல் அல்லாஹ் காப்பானாக. இங்கே உங்கள் தங்கை நலம், மகள் ஜெஸீமா இப்போது நலம், ஆடு இரண்டும் நலம். என் நலத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், பொறுமையாக வாசிக்கவும்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்ததும் எடுக்கிறீர்கள்தான். முதலில் உங்கள் தங்கை கதைப்பாள், பிறகு ஜெஸீமா கதைப்பாள், மறந்துபோன ஏதோ ஒன்றுக்காக மறுபடியும் உங்கள் தங்கை கதைப்பாள். என் காதுக்கு வரும்போது "மச்சான், சுகமா? போன் காட் முடியப் போகுது" என்று சொல்லி நீங்கள் போய்விடுவீர்கள். எட்டு மாதமாக உங்களிடமிருந்து நான் கேட்டது இவ்வளவுதான். ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமை நமது தெருவிலிருந்து ஒருவர் கட்டாருக்குப் பயணம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புவேன்.

விடயம் என்னவென்றால், உங்கள் மருமகள் பத்திரிகையாளராகிவிட்டாள்.

சுனாமி முகாமில் நாம் இருந்தபோது, பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்க ஓர் அமைப்பு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அமைப்புப் போய்விட்டது, அது தொடங்கிய சிறுவர் கழகம் மட்டும் மிஞ்சிவிட்டது. படம் கீறிய பிள்ளைகள் வளர்ந்து சிறுவர் உரிமை என்று கதைக்கத் தொடங்கின. இந்த வருஷம் யுத்தம் முடிந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறுவதும் குறைந்ததும், நம் பிள்ளைகளும் பக்கத்துப் பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் அட்டாளைச்சேனைக்குப் போய் இரண்டு நாள் ‘இளம் ஊடகவியலாளர்’ பயிற்சி எடுத்தார்கள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்தவன் நான்தான். சான்றிதழ் தருவார்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று நினைத்தேன். அவள் ஒரு தொப்பி, ஒரு குறிப்புப் புத்தகம், தர்சிகா என்று பாண்டிருப்பில் ஒரு கூட்டாளி, இவற்றோடு வந்து சேர்ந்தாள். கூடவே ஒரு கொள்கையும் வந்தது: ஒரு செய்தி என்றால் இரண்டு தரப்பையும் கேட்க வேண்டுமாம். அன்றிலிருந்து இந்த வீட்டில் என் சொல் தனியே நிற்பதில்லை. சோறு குழைந்துவிட்டது என்று நான் சொன்னால், உங்கள் தங்கையின் கருத்தைக் கேட்ட பிறகுதான் அது குழைந்ததா இல்லையா என்று முடிவாகிறது.

இனி மலசலகூடத்துக்கு வருகிறேன். ஜெஸீமாவின் பள்ளிக்கூடத்தில் கடற்கரைப் பக்கக் கட்டடம் சுனாமியோடு போனது, பெண் பிள்ளைகளின் மலசலகூடமும் அதோடு சேர்ந்து போனது. பிறகு ஒரு வெளிநாட்டு அமைப்பு நான்கு அறைகளோடு புதிது கட்டித் தந்தது. வெள்ளை டைல்ஸ், தண்ணீர்த் தாங்கி, கை கழுவுகிற இடத்தில் கண்ணாடிகூட உண்டு. போன வருஷம் நோன்புப் பெருநாளோடு வேலை முடிந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடி, விழா வைத்துத் திறக்கும் வரைக்கும் அதைப் பூட்டி வைப்பது என்றும், பூட்டின் திறப்பை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைப்பது என்றும் தீர்மானித்தது. முப்பத்தொரு வருஷம் அரசாங்கக் களஞ்சியத்தில் பொறுப்பாளராக இருந்து, ஓர் ஆணியைக்கூடக் கையெழுத்தில்லாமல் வெளியே விடாதவன் நான். எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. உண்மையைச் சொல்கிறேன் மச்சான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுனாமியன்று களஞ்சியம் அடிபட்டுப் போனபோது என் இடுப்பில் பதினேழு திறப்புகள் தொங்கின, திறப்பதற்கு ஒரு கதவும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு கதவோடு சேர்த்து ஒரு திறப்பை என்னிடம் தந்தது இதுதான் முதல் தடவை.

நம் ஊரில் கட்டடம் கட்டி முடிந்தால் அது முடிந்த கட்டடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிரதம அதிதி வர வேண்டும், மாலை போட வேண்டும், ரிப்பன் வெட்ட வேண்டும், பெயர்க்கல்லின் திரையை விலக்க வேண்டும். முதல் திகதிக்கு அதிதிக்குக் காய்ச்சல். இரண்டாவது திகதிக்கு இன்னொரு பெரியாளும் வருவதாகச் சொல்ல, கல்லில் யார் பெயர் மேலே என்று பிரச்சினை வந்து, கல்லைத் திருப்பி வெட்டினார்கள். பிறகு தேர்தல் வந்தது. மே மாதம் யுத்தம் முடிந்தது, அதன்பின் பெரியாட்கள் எல்லாரும் மேடையிலிருந்து இறங்க நேரமில்லாமல் இருந்தார்கள். பிறகு நோன்பு. நான் கிழமைக்கு ஒருதரம் போய்ப் பூட்டைத் திறந்து, தூசு தட்டி, மறுபடியும் பூட்டிவிட்டு வருவேன். பதின்மூன்று மாதத்தில் அதற்குள் போன ஒரே மனிதன் நான்தான், அதுவும் கூட்டுகிற தும்புத்தடியோடு.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காலைச் சாப்பாட்டில் இருந்தேன். ஜெஸீமாவும் தர்சிகாவும் குறிப்புப் புத்தகத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். மகள் தொப்பி போட்டிருந்தாள்.

"வாப்பா, இப்ப நீங்க வாப்பா இல்ல."

"அப்ப நான் ஆரு?"

"சம்பந்தப்பட்ட தரப்பு. மலசலகூடத் திறப்பு உங்ககிட்டயா இரிக்கி?"

"அது சங்கத்துட திறப்பு."

"இரிக்கிறது உங்ககிட்டதானே?"

"ஓம்."

"ஏன் இன்னும் திறக்கல்ல?"

"பிரதம அதிதி வரல்லியே மகள்."

அதுவரை எழுதிக்கொண்டிருந்த தர்சிகா தலை நிமிர்ந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "அங்கிள், வாற அதிதி அதப் பாவிப்பாரா?"

முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு வந்த எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்குப் பதில் இல்லை. குசினிக்குள் உங்கள் தங்கை சிரித்தது எனக்குக் கேட்டது. நான் கருத்துக் கூற விரும்பவில்லை என்று சொல்லிவிட்டேன். எழும்பி வெளியே போங்கள் என்று சத்தம் போட்டிருக்கலாம். ஆனால் நம் ஊர் வழக்கப்படி வீடு உங்கள் தங்கையின் சீதனம், வெளியே போவதென்றால் நான்தான் போக வேண்டும்.

நேற்று முன்தினம் அவர்களுடைய சுவர்ப் பத்திரிகை பள்ளிக்கூட வாசலில் ஒட்டப்பட்டது. ஆளின் பெயரைப் போடக்கூடாது என்பது அவர்களுடைய ஒழுக்கமாம், அதனால் என் பெயரைப் போடவில்லை. ‘மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருக்கும், ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர்’ என்று போட்டிருந்தார்கள். ‘அவர் கருத்துக் கூற மறுத்துவிட்டார். அப்போது அவர் ஐந்தாவது இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்’ என்றும் இருந்தது. மச்சான், மீன் கடையில் நிற்கிறேன், முன்பின் தெரியாத ஒருவர் அண்ணன் முறை கொண்டாடி, "அஞ்சோட நிப்பாட்டிட்டீங்களா காக்கா?" என்று கேட்கிறார். பள்ளிவாசலில் கைகால் கழுவி வுழூ செய்யப் போனால், பக்கத்தில் இருந்தவர் குழாயைத் திருகிவிட்டு, "இதயாவது நம்மட ஆள்கிட்டக் குடுக்காம விட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார். நான் வுழூ செய்துவிட்டுத் தொழுதேன். தொழுகையில் மனம் நிற்கவில்லை.

இவ்வளவையும் தாங்கியிருப்பேன். ஆனால் என் பகுதிக்குக் கீழே இன்னொரு பகுதி இருந்தது. ‘எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டு பெண் பிள்ளைகள். நாங்கள் காலையில் தண்ணீர் குடிக்காமல் வருகிறோம். வீட்டுக்குப் போகும் வரை குடிப்பதில்லை. ஆறாம் வகுப்பு மாணவி ஒருவர் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தார். மாதத்தில் சில நாட்கள் சிலர் பள்ளிக்கூடத்துக்கு வருவதே இல்லை.’ மயங்கி விழுந்தது உம்மு என்று சின்னப் பிள்ளை ஒன்று, பின் தெருவில் இருக்கிறாள். போன மாதம் ஜெஸீமா ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாளே, அது சலக்கடுப்பு, சிறுநீரில் கிருமி, பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை என்று டாக்டர் உங்கள் தங்கையிடம் சொன்னாராம். அதைக் கேட்டுவிட்டு, ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று மூன்று நாள் அவளை ஏசினேன். அவள் ஒரு சொல் பேசவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஏசியபோது திறப்பு என் சட்டைப்பைக்குள் இருந்தது மச்சான். பள்ளிக்கூட வாசலில் நின்று இதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது, பிறகு அழுகை வரப் பார்த்தது, ஆட்கள் நின்றபடியால் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன் மகள் வாப்பாட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

"சொல்லி இருந்தா எனக்கு மட்டும் திறந்து தந்திரிப்பீங்க வாப்பா," என்றாள்.

அதற்கும் நான் கருத்துக் கூறவில்லை. ஏனென்றால் அவள் சொன்னதுதான் உண்மை.

நேற்று சங்கம் அவசரமாகக் கூடியது. பிள்ளைகளை யார் தூண்டிவிட்டது என்று ஒரு மணித்தியாலம் ஆராய்ந்தார்கள், கதவைத் திறப்பதா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் தலைவர் என்னைப் பார்த்து, "உங்கட மகள முதல்ல அடக்குங்க" என்றார். சரி பிழை ஒரு பக்கம் இருக்கட்டும், ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? சங்கம் தந்த பொருளைச் சங்கம் சொல்லாமல் நான் எப்படித் திறப்பேன்? ஆகவே நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்த வெள்ளிக்கிழமை கதைக்கும்போது, சிறுவர் கழகத்தையும் பத்திரிகையையும் விட்டுவிட்டுப் படிப்பைப் பார்க்கும்படி ஜெஸீமாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். என் சொல்லுக்கு அவள் இரண்டாவது தரப்பைத் தேடுவாள், தாய்மாமன் சொல்லுக்குத் தேடமாட்டாள்.

குளிரூட்டி அறையில் நேரடியாகக் காற்றுப் படப் படுத்துத் தடிமன் எடுத்துவிட வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இங்கே இல்லாவிட்டாலும் உங்கள் பங்கு துஆவும் இறைச்சியும் உங்கள் பேரில் போய்ச் சேரும். அல்லாஹ் உங்கள் கைகால்களுக்குச் சுகத்தையும் உழைப்பில் பறக்கத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
மீராசாஹிபு.

பி.கு. (05.11.2009): மேலே எழுதியதில் சலாமையும் துஆவையும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். ஜெஸீமாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இன்று காலை மணி அடிக்கும் முன்னரே போய், ஒருவரையும் கேட்காமல் பூட்டைத் திறந்துவிட்டேன். கதவைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முப்பது நாற்பது பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், ஒன்றும் உள்ளே போகவில்லை. இவ்வளவு காலமாகப் பெரியாள் வந்துதான் திறக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோமே, அந்தப் பெரியாளுக்காக நிற்கிறார்கள். விழா இல்லாமல் விட்டால் போகமாட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணி நானே தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினேன். சலாம் சொன்னேன், வெளிநாட்டு அமைப்புக்கு நன்றி சொன்னேன், சுகாதாரத்தின் அவசியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, அடுத்து சங்கத்தின் அயராத சேவை என்று ஆரம்பிக்கும்போது ஜெஸீமா வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாப்பா, பேச்ச நிப்பாட்டுங்க. உம்மு நிக்க ஏலாம நிக்கிறா."

பேச்சை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். "போங்க புள்ளைகாள், உங்களுக்குத்தான் கட்டினது" என்றேன். உம்மு முதலில் ஓடினாள், மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் பத்து மணிக்கே வந்துவிட்டது. பதிலை எழுத எனக்கு அவசரமில்லை.

நாளை நீங்கள் எடுக்கும்போது ஜெஸீமா வீட்டில் இருக்கமாட்டாள். பாண்டிருப்பில் ஒரு நூலகம் கட்டி இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறதாம், தர்சிகாவோடு அதைப் பார்க்கப் போகிறாள். அதன் திறப்பை வைத்திருப்பவர் தர்சிகாவின் தகப்பன் செல்லத்தம்பி. மனுஷன் இன்று பின்னேரம் சைக்கிளில் வேர்த்து விறுவிறுத்து நம் வீட்டுக்கு வந்துவிட்டார். "நாளைக்குப் பின்னேரம் என்னப் பேட்டி எடுக்கப் போறாளுகளாம் மீராசாஹிபு. உங்களுக்குப் பழக்கம்தானே, என்ன சொன்னாத் தப்பலாம்?" என்று கேட்டார்.

"விடிய வெள்ளன முதல்ல போய்த் திறந்து விடுங்க செல்லத்தம்பி," என்றேன். "மறுகா என்னத்தையும் கதைக்கலாம்."