உடனிருப்பவர் கவனத்துக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகமே. அதாவது, சுகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைப் பார்த்துச் சொல்ல இங்கே ஆள் இல்லாததால்தான் இவ்வளவு அவசரமாக இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். எங்கள் காகித ஆலை காட்டை ஒட்டி இருக்கிறது. காடு என்றால் கொசு, கொசு என்றால் மலேரியா. எனக்கு முன்னால் இங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தவர் மூன்று தடவை காய்ச்சலில் படுத்து எழுந்து, நான்காவது தடவைக்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். ஆகவே ஆலை மருந்தகத்து நர்ஸம்மா எனக்கு வாரம் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். கொடுக்கும் முன் வலிப்பு வந்ததுண்டா, மனசு சரியில்லாமல் வைத்தியம் பார்த்ததுண்டா என்று கேட்டார். "ஸ்டாக் எடுக்கிற சமயத்துல மட்டும் மனசு கொஞ்சம் சரியிருக்காது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாராவாரம் ஒரே கிழமையில், சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும்; மாத்திரைதான் இருக்கிறதே என்று கொசுவலையை மடித்து வைக்கக் கூடாது; ஊரை விட்டுப் போன பிறகும் நாலு வாரம் தொடர வேண்டும்; நாமாக நிறுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் ஒன்று சொன்னார் பார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இது சிலருக்குத் தலைசுற்றல் தருமாம், கெட்ட கனவு தருமாம், சிலருக்குக் காரணமே இல்லாமல் பயம், சந்தேகம், சிடுசிடுப்பு என்று ஆளையே மாற்றிவிடுமாம். "அது நமக்கே தெரியாது சார். கூட இருக்கிறவங்கதான் கவனிச்சு உடனே எங்ககிட்ட வந்து சொல்லணும். உங்க கூட யார் இருக்காங்க?" என்றார். "இருக்காங்க, இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அறைக்கு வந்து பார்த்தால் கட்டில் இருக்கிறது, மேசை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது.

சரி, ஆள் பிடிக்கலாம் என்று கிளம்பினேன். முதலில் கேன்டீன்காரர். தினம் மூன்று வேளையும் என் முகத்தில் விழிக்கிறவர். "அண்ணே, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்கிட்ட ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க போன வாரம் வந்தீங்களா?" என்றார். அடுத்து மேலாளர். "என் நடத்தையில ஏதாவது மாற்றம் தெரியுதா சார்?" என்று நான் பணிவாகக் கேட்டதும் அவர் முகம் கடுத்துவிட்டது. "பிரமோஷன் எல்லாம் வருஷக் கடைசியிலதான். இப்பவே அடி போடாதீங்க" என்று சொல்லி, மறுநாளே ஸ்டோரில் திடீர் சோதனை வைத்துவிட்டார். கண்ணாடியைப் பார்த்து நானே கவனிக்கலாம் என்று உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் எதிரில் இருக்கிறவன்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. அது மாத்திரை தந்த சந்தேகமா, இயற்கையான சந்தேகமா என்று அடுத்த சந்தேகம்.

மிச்சம் இருந்தது பக்கத்து அறைக்காரர். ஆலையில் கொதிகலன் பார்க்கிறவர், தனி ஆள். நடைபாதையில் எதிரே வந்தால் அவர் தலையசைப்பார், நானும் தலையசைப்பேன், அதோடு சரி. வந்தது வரட்டும் என்று கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். பாவம், நன்றாக யோசித்தார். "நீங்க முன்னாடி எப்படி இருந்தீங்கன்னு தெரிஞ்சாத்தானே சார் மாறினா சொல்ல முடியும்?" என்றார். ஸ்டோர்க்காரனுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? ஆரம்ப இருப்பு தெரியாமல் என்ன குறைந்தது, என்ன கூடியது என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவர் கதவைத் தட்டி, நான் எப்படிப்பட்டவன் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவைத்தேன். ஆனால் நான் சொல்வது சரியா என்று எனக்கே தெரியவில்லை.

கனவும் வர ஆரம்பித்துவிட்டது, அக்கா. ஸ்டோரில் இருக்கிற போல்ட்டெல்லாம் ஆளுக்கொரு நட்டைக் கூட்டிக்கொண்டு ஜோடி ஜோடியாக வெளியே போகின்றன. நான் மட்டும் கவுன்ட்டரில் நிற்கிறேன். விழித்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதையெல்லாம் நர்ஸம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், கூட இருக்கிறவர் எங்கே என்று கேட்பாரே. மாத்திரையைவிட அந்தக் கேள்விதான் என்னைப் படுத்துகிறது. நான் கோபக்காரனா, சிரிக்கிறவனா, வாயாடியா என்று தெரிந்தவள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். ஆகவே அத்தானிடம் பக்குவமாகச் சொல்லி ஒரு மாதம் விடுப்புப் போட்டுக்கொண்டு புறப்பட்டு வா. கட்டிலை உனக்குத் தருகிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உன் பதிலை அல்ல, உன்னையே எதிர்பார்க்கும்,

தம்பி.

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் நர்ஸம்மா கூப்பிட்டு அனுப்பினார். கொதிகலன்காரர் நேரே போய்ப் புகார் செய்துவிட்டாராம்! "மாசக்கணக்கா வாயே திறக்காத மனுஷன் சிஸ்டர். இப்போ தினம் கதவைத் தட்டிப் பேசறார். சிரிக்கக்கூடச் செய்யறார். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க" என்று பதறியிருக்கிறார். நர்ஸம்மா கேட்ட கேள்வியில் கனவு, படபடப்பு எல்லாம் வெளியே வந்துவிட்டது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று டாக்டரும் திட்டிவிட்டு மாத்திரையை மாற்றிவிட்டார். இனி தினம் ஒன்று. வெயிலில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், விழுங்கியதும் அரைமணி நேரம் படுக்கக் கூடாது, அவ்வளவுதான். கூட இருந்து கவனிக்க யாரும் வேண்டியதில்லையாம்.

இதைச் சொன்னதும் கொதிகலன்காரர் முகம் விழுந்துவிட்டது. "அப்போ இனிமே நான் பார்க்க வேண்டாமா சார்?" என்றார். "யார் சொன்னது? மாத்திரை போட்டதும் அரைமணி நேரம் படுக்கக் கூடாது. அதுவரைக்கும் யாராவது பக்கத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்" என்றேன்.

அதில் பாதி டாக்டர் சொன்னதில்லை, அக்கா. நீ எப்போதாவது இங்கே வந்தால் அவரிடம் உளறிவிடாதே.