தங்கையன் எழுதிய சர்க்கரை நோட்டு

"நானே எழுதிக்கிறேன். நீ ஒதுங்கு."

ஒண்ணாம் தேதி காலையில் தங்கையன் சொன்ன வார்த்தை இது. பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் கிரேன் பார்த்தவர். ரயில் பெட்டியையே தலைக்கு மேலே தூக்கி இறக்கியவர். ஓய்வு பெற்று எட்டு வருஷம். சர்க்கரை வந்து ஆறு.

டாக்டரம்மா சம்ரீன் கேட்டது சின்ன விஷயம்தான். வீட்டு மிஷினில் தினம் இரண்டு தடவை சர்க்கரை பார்க்கணும். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று. நோட்டில் எழுதணும். மாசக் கடைசியில் அளவு சரியாக இருந்தால் மாத்திரையோடு விட்டுவிடலாம். இல்லையென்றால் இன்சுலின். தினமும் ஊசி.

ஊசி தங்கையனுக்கு ஆகாது. காரணம் கேட்கக் கூடாது.

மனைவி இருசம்மாள் நல்லபடியாகத்தான் சொன்னாள். "நீங்க விரலை மட்டும் நீட்டுங்க. நான் குத்தி, பாத்து, எழுதிடறேன்."

"கிரேனுக்கே லாக் புக் எழுதினவன்டி நான். இது ஒரு விரலு."

முதல் நாள் குத்தினார். கத்தினார். பக்கத்து வீட்டு ரோசரி மதில் மேல் எட்டிப் பார்த்தாள். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"என்னக்கா, யாரு விழுந்தது?"

"யாரும் விழல ரோசரி. அண்ணன் சர்க்கரை பாக்கறாரு."

மிஷின் 268 என்றது. புது மிஷின், இன்னும் பழகவில்லை என்று தங்கையன் முடிவு செய்தார். எழுதவில்லை.

இரண்டாம் நாள் ரத்தம் வந்தது, ஸ்ட்ரிப்பைச் சொருக மறந்துவிட்டார். மூன்றாம் நாள் ஸ்ட்ரிப் சொருகினார், ரத்தம் வரவில்லை. நாலாம் நாள் இரண்டும் இருந்தது, மூக்குக்கண்ணாடியைக் காணோம். ஐந்தாம் நாள் மிஷின் பீரோவுக்குள் போனது. அப்புறம் வெளியே வரவில்லை.

"இன்னிக்கு எழுதினீங்களா?"

"ஆச்சு."

"எவ்ளோங்க?"

"நார்மல்."

"நார்மல்னா?"

"நூத்திப் பத்து. போய் உலையைப் பாரு."

இருசம்மாள் போய்விடுவாள். தினமும் இதே கதை. நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத இருசம்மாளை அவர் பார்த்ததே கிடையாது. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். மனுஷன் சந்தோஷப்பட்டார்.

முப்பதாம் தேதி வந்தது. விடிந்தால் டாக்டர். இருசம்மாள் ரேஷன் கடைக்குக் கிளம்பியதும் நோட்டைத் திறந்தார். வெள்ளை வெளேர் என்று சிரித்தது. பட்டறையில் அவர் ஒருநாள்கூடப் பொய் எழுதியதில்லை. அதனால் முதல் வரிக்கே கால் மணி நேரம் ஆனது. பத்தாம் தேதிக்கு மேல் சரளமாக வந்தது. மூன்று பேனா மாற்றினார். 108. 112. 119. இடையில் ஒரு 161, நம்பும்படி இருக்கட்டும் என்று. ஓரத்தில் காபி ஒரு சொட்டு. பிறகு கை தானாகவே ஓடியது. கீழே கையெழுத்தும் போட்டது.

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனார்கள். கிளினிக்குக்குப் போனதும் ரத்தம் எடுத்தார்கள். தங்கையன் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "ரொம்ப நீட்டா எழுதியிருக்கீங்க சார்."

தங்கையன் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமைக்கு எல்லாம் 'வார விடுமுறை'ன்னு இருக்கே?"

தங்கையன் எட்டிப் பார்த்தார். இருந்தது. ஒரு ஞாயிறு பாக்கியில்லை. முப்பத்து நாலு வருஷம் லாக் புக் எழுதிப் பழகின கை.

"மிஷினுக்கு ரெஸ்ட்."

"தினமும் கடைசிக் கட்டத்துல, 'பழுது இல்லை, இயக்கம் நன்று'?"

"உடம்பைச் சொன்னேன்."

"பதினஞ்சாம் தேதி, 'எண்ணெய் விடப்பட்டது'?"

"தலைக்கு."

இருசம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

டாக்டரம்மா நோட்டை மூடி, ஒரு காகிதத்தை முன்னால் வைத்தார். "இன்னிக்கு எடுத்த ரத்தம் சார். மூணு மாச சராசரியைச் சொல்லிடும். ஏழுக்குள்ள இருக்கணும், பத்து புள்ளி நாலு இருக்கு. உங்க நோட்டுப்படி பாத்தா ஆறரைகூட வராது. இதுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது. இன்சுலின் ஆரம்பிச்சிடலாம்."

தங்கையனை நோட்டு கைவிட்டது. ஆனாலும் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது.

"யாரு டாக்டர் போடறது? எனக்கு நானே குத்திக்க வராது. இவளுக்கு ஊசியைப் பிடிக்கவே தெரியாது. தினம் இவ்ளோ தூரம் வந்து போக உடம்பு தாங்காது. மாத்திரையே இருக்கட்டும்."

டாக்டரம்மா யோசித்தார். தங்கையனுக்கு மூச்சு வந்தது.

"நான் போடறேங்க டாக்டர்," என்றாள் இருசம்மாள். "ரோசரிகிட்ட கத்துக்கிட்டேன். சாத்துக்குடில குத்திக் குத்தி இப்ப கை நல்லா பழகிடுச்சு."

"சாத்துக்குடியா? எப்பலேருந்துடி?"

"போன தடவை இங்கேருந்து வெளியில வந்தோமே, அன்னிக்கே ரெண்டு கிலோ வாங்கிட்டேங்க."