முதுகில் தொங்கிய ஒன்பது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனாகிய டெய்லர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடுப்பைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பெயின்ட் கடையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் மருமகன், அதாவது என் பையன், எப்போது கடைக் கணக்கைப் பார்க்க வருவான் என்று மறுபடி மறுபடி கேட்டுவிட்டீர்கள். நான் என்ன பதில் சொல்வது? அவன் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் மூன்று வருடமாக இருக்கிறான். இருக்கிறான் என்றால் உட்கார்ந்திருக்கிறான். ஒரு ஆட்டத்தில்கூட அவனை உள்ளே இறக்கியதில்லை. தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பது, எல்லோருடைய துண்டையும் தோளில் சுமந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டுவது, இதுதான் அவன் ஆடும் ஆட்டம். "ஒரே ஒரு நிமிஷம் உள்ள இறங்கிட்டேன்னா போதும்பா, மறுநாளே மாமா கடைக்குப் போயிடறேன்" என்பான். இதுவோ அவனுக்குக் கடைசி வருடம். அந்த ஒரு நிமிடத்துக்காக வீடே காத்துக்கிடந்தது. எனக்கு அந்த விளையாட்டில் தலையும் புரியாது வாலும் புரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த வருடம் அணிக்குச் சீருடை தைத்தது நான்தான். வளரும் பிள்ளைகளாயிற்றே என்று கால்சட்டையின் இடுப்பைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன். அது ஒரு குற்றமா, சொல்லுங்கள். முதல் ஆட்டத்தில், அணியிலேயே கெட்டிக்காரன், ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்கள், அவன் பந்தைப் போட எம்பினான். ஆள் மேலே போனான், கால்சட்டை கீழேயே நின்றுவிட்டது. பிறகு ஐந்து பேரும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆடிப் பிரமாதமாகத் தோற்றார்கள். கோச் நேராக என் கடைக்கு வந்து, "டெய்லர், நீங்க தச்சது கால்சட்டையா, தலையணை உறையா?" என்று கேட்டார். திட்டை வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் பிரித்து இடுப்பைப் பிடித்துக் கொடுத்தேன். அடுத்த ஆட்டத்திலிருந்து வெற்றி மேல் வெற்றி. யாராவது டெய்லரை ஒரு வார்த்தை பாராட்டினார்களா? கிடையாது. துணி உடம்பில் எப்படி உட்கார்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும் நான் எல்லா ஆட்டத்துக்கும் போய்வந்தேன். என் தொண்டை கட்டியிருப்பது சளியால்தான். உங்கள் தங்கை வேறு காரணம் சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது அரையிறுதிக்கு வருகிறேன். பனியனின் முன்பக்கம் கல்லூரியின் பெயர், முதுகில் எண். ஒட்டடைக்குச்சிக்கு ஒன்பது, உங்கள் மருமகனுக்கு ஆறு. ஒரே அட்டையை வைத்து இரண்டையும் துணியில் வெட்டினேன், ஒன்றைத் தலைகீழாகத் திருப்பித் தைத்தால் மற்றது. திருப்ப மறந்துவிட்டேன். இரண்டு பேர் முதுகிலும் ஆறு. இந்த இரண்டு எண்களையும் ஒரே மாதிரி வரைந்தவனை விட்டுவிட்டு என்னைத் திட்டுகிறார்கள். நம் பையன் பெஞ்சைவிட்டு எழுந்ததே இல்லை, முதுகில் எப்போதும் துண்டு மூடியிருக்கும், அதனால் இத்தனை ஆட்டத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அரையிறுதியில் இரண்டு அணிகளும் சமமான புள்ளியில் இருக்கின்றன, ஆட்டம் முடியப்போகிறது. எதிரணி ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காக்கும் ஏரியா காவலுக்கு மாறியதுமே ஓரத்திலிருந்து எறியச் சொல்லியிருக்க வேண்டும், கோச்சுக்கு அது தோன்றவில்லை, அது வேறு கதை. திடீரென்று விசில். ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே போய்விட வேண்டும் என்பது சட்டம். மேசையில் கணக்கு எழுதுகிறவர் பட்டியலைப் பார்த்து, "ஆறாம் நம்பருக்கு அஞ்சு ஆயிடுச்சு, வெளிய போகணும்" என்று கை காட்டினார். கோச் குதித்தார்: "ஆறாம் நம்பர் பெஞ்சுல உக்காந்திருக்கான் சார்! அவன் இன்னும் எழுந்திரிக்கவே இல்ல!"

"எழுந்திரிக்காமலே அஞ்சு ஃபவுலா?" என்று நடுவர் உங்கள் மருமகனை மேலும் கீழும் பார்த்தார். துண்டை விலக்கினார். அங்கே ஒரு ஆறு, இங்கே ஒரு ஆறு. பிறகுதான் தெரிந்தது, ஒட்டடைக்குச்சி போட்ட புள்ளிகளும் இவன் பெயரில்தான் ஏறியிருக்கின்றன. காகிதத்தின்படி தொடரிலேயே அதிகப் புள்ளி எடுத்தவன் உங்கள் மருமகன்.

ஐந்து ஃபவுலும் அவனுடையதுதான் என்று ஒட்டடைக்குச்சியை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒருவனுக்குக் கால் சுளுக்கு, இன்னொருவனுக்குக் காய்ச்சல், பெஞ்சில் மிச்சம் இருந்தது நம் வீட்டுப் பிள்ளை மட்டும். நடுவரோ, "வெளிய போன நம்பரோட இன்னொருத்தன் உள்ள வரக்கூடாது. ஒன்பதுன்னு மாத்திட்டு வரட்டும்" என்றார். கோச் ஒரு நிமிட இடைவேளை கேட்டு வாங்கி, கூட்டத்தைப் பார்த்து, "டெய்லர்!" என்று ஒரு கத்துக் கத்தினார்.

காலரில் குத்தியிருந்த ஊசியோடு படி இறங்கி ஓடினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது அங்கேதான்.

"கழட்டட்டுமாப்பா?"

"நேரமில்ல, குனி!"

பிரித்தேன், திருப்பினேன், அவன் முதுகிலேயே வைத்துத் தைத்தேன்.

"அப்பா, என் தோலையும் சேத்துத் தைக்கிறீங்க!"

"அசையாதடா! மூணு வருஷமா அசையாம உக்காந்திருந்தியே, இப்ப என்ன?"

மேல் ஓரம் மட்டும்தான் முடிந்தது, விசில் அடித்துவிட்டார்கள். நூலைப் பல்லால் கடித்து அவனை உள்ளே தள்ளிவிட்டேன். ஓடுகிறான் மச்சான், முதுகில் ஒன்பது கதவுத் திரை போலப் படபடக்கிறது. பந்து எப்படியோ அவன் கைக்கு வந்தது. பின்னால் துரத்தியவனின் விரல் அந்தத் தொங்கலில் மாட்டி இழுக்க, பனியனைப் பிடித்தான் என்று அவனுக்கு ஃபவுல், இவனுக்கு இரண்டு எறி. முதல் எறி கோச் மடியில் போய் விழுந்தது. இரண்டாவது வளையத்தைச் சுற்றிச் சுற்றி, போவதா வேண்டாமா என்று யோசித்து, உள்ளே விழுந்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தோம். மறைப்பானேன், அழுதுவிட்டேன். மூக்கைத் துடைக்கக் கையில் இருந்தது இன்ச் டேப் மட்டும்தான்.

ஆனால் அவமானத்தை யோசித்துப் பாருங்கள். என் வாழ்க்கையிலேயே மோசமான தையலை ஊரே எழுந்து நின்று பார்த்தது. போதும் இந்த விளையாட்டு. ஆசை தீர்ந்தும் பிள்ளை கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை. அவன் கேட்பது மாமா பேச்சை மட்டும்தான். ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வீட்டுக்கு வந்து, நாலு வார்த்தை அதட்டி, கையோடு கடைக்கு அழைத்துப் போக வேண்டும். நான் உங்கள் பின்னால் நின்று தலையாட்டுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். கடை மேலும் பெருகட்டும், உங்கள் ரத்தக் கொதிப்பு குறையட்டும்.

உங்கள் அன்பு மறவாத,
தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே நலம் விசாரித்ததைத் தவிர மற்றதை மறந்துவிடுங்கள். ஞாயிறு வீட்டுக்கு வராதீர்கள், பூட்டியிருக்கும். அன்றைக்கு இறுதி ஆட்டம். உண்மையைச் சொன்னால், அவன் சொன்ன சொல் தவறாமல் மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டான். பெட்டியை ஒளித்துவைத்திருப்பது நான். ஊசி நூலோடு என்னையும் பெஞ்சில் அவன் பக்கத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டார் கோச். நேராக மைதானத்துக்கு வந்துவிடுங்கள், கொடி எழுத ஒரு டின் நீலப் பெயின்ட் கொண்டுவாருங்கள். உங்களுக்கும் ஒரு பனியன் தைத்துவைத்திருக்கிறேன், வயிற்றுப் பக்கம் தாராளமாக விட்டிருக்கிறேன். முதுகில் எண் எட்டு. அதை எப்படித் திருப்பித் தைத்தாலும் எட்டுதான்.