இருபத்தோராவது கிலோமீட்டரில் ஒரு மீசை

நாற்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். மனிதனை நடக்க விடாமல் செய்வதுதான் என் தொழில். அப்படிப்பட்டவனைத் தினமும் காலை ஐந்து மணிக்குப் போர்வையை உருவி, “நடக்க வாங்க” என்று கூப்பிட்டால் தொழிலுக்கே அவமானம் இல்லையா? என் மனைவி அதைத்தான் செய்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் நின்று நின்று அவள் கண்ணுக்கு ஒரு தனிக் கூர்மை வந்திருந்தது. அவள் முறைத்தால் எங்கள் வீட்டுக் கடிகாரமே தன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் போர்வையின் ஒரு முனை அவள் கையிலும் மறுமுனை என் கையிலுமாக இழுபறி நடந்தபோது, வாயை விட்டுவிட்டேன்.

“நடக்கிறதெல்லாம் ஒரு வேலையா? நான் இறங்கினா மாரத்தானே ஓடுவேன்.”

சட்டென்று போர்வையை விட்டாள். நான் கட்டிலின் அந்தப் பக்கம் விழுந்தேன்.

“ஓடுங்க,” என்றாள். “அடுத்த மாசம் நம்ம ஊர்லயே நடக்குது. நாப்பத்திரண்டு கிலோமீட்டரையும் முடிச்சுட்டா, ஆயுசு பூரா எட்டு மணி வரைக்கும் தூங்குங்க. நான் எழுப்ப மாட்டேன்.”

“முடிக்கலேன்னா?”

“அஞ்சு மணிக்கு எழுந்து முனகாம என்கூட வரணும். அதுவும் ஆயுசு பூரா.”

எட்டு மணித் தூக்கம். வாழ்நாள் முழுவதும். நினைத்தபோதே கண் சொக்கியது. சரி என்று எழுந்து நின்று சொன்னேன். படுத்துக்கொண்டே சொல்லியிருந்தால் பின்னால் மறுத்திருக்கலாம்.

மறுநாளே பயிற்சியைத் தொடங்கினேன். தெருமுனை விளக்குக் கம்பம் வரை ஓடினேன். அங்கே நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேனா, கம்பம் என்னைப் பிடித்துக்கொண்டதா என்று இன்றுவரை தெரியாது. என் மூச்சு எனக்கு முன்பே வீட்டுக்குத் திரும்பிவிட்டது. நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு இப்படி எத்தனை கம்பங்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தோடு பயிற்சி முடிந்தது. யோசனை தொடங்கியது.

எதிர்வீட்டு மருந்துக் கடைக்காரர் அந்தப் பந்தயத்தை நடத்தும் குழுவில் ஒருவர். பேச்சுவாக்கில் கேட்பதுபோல, பாதி வழியில் திரும்பி வந்துவிடும் ஏமாற்றுக்காரர்களை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் உற்சாகமாகிவிட்டார். ஓடுபவர்கள் இருபத்தோராவது கிலோமீட்டரில் திரும்பி, போன வழியே வர வேண்டும். அங்கே நிற்கும் தொண்டர் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு ரப்பர் வளையம் மாட்டுவார். வளையம் இருந்தால்தான் பதக்கம். என்ன நிறம் என்று அன்று காலை வரை வெளியே சொல்ல மாட்டார்களாம். எழுதுபொருள் கடையில் ஏழு நிறத்திலும் ஒவ்வொன்று வாங்கி வைத்தேன்.

பாதையோ எனக்காகவே போட்டது. போகும்போது மூன்றாவது கிலோமீட்டரிலும், வரும்போது முப்பத்தொன்பதாவதிலும் எங்கள் தெருமுனையைத் தொட்டுக்கொண்டு போனது. மனைவியும் ஒத்துழைத்தாள். நான் படும் பாட்டைப் பார்க்க மனசு தாங்காது, விடியும் முன்பே அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள். கண் கலங்கினேன். சந்தோஷத்தில்தான்.

பந்தயத்தன்று மூன்று கிலோமீட்டரை எப்படியோ உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். தெருமுனையில் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்தேன். நிமிர்ந்தபோது என் வீட்டுக்குள் இருந்தேன். குளித்தேன். சாப்பிட்டேன். அலாரம் வைத்துத் தூங்கினேன். அலாரம் அடித்ததும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். திரும்பி வருகிறவர்கள் கையிலெல்லாம் நீல வளையம். நீலத்தை மாட்டிக்கொண்டேன். துணி தேய்க்கும்போது தெளிக்கிற தண்ணீர் பாட்டிலால் நெற்றி, முதுகு, அக்குள் எல்லாம் தெளித்து, நாற்பது கிலோமீட்டர் வியர்வையை நாலு நிமிஷத்தில் வரவழைத்துக்கொண்டு கூட்டத்தில் கலந்தேன்.

கடைசி மூன்று கிலோமீட்டர் மட்டும் நிஜம். அதில் என் முழங்கால்கள் என்னை ஒருமையில் திட்டின. ஆனாலும் கோட்டைத் தாண்டினேன். பதக்கம் கழுத்தில் விழுந்தது. மருந்துக் கடைக்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள்.

நான் வீடு திரும்பி ஒரு மணி நேரம் கழித்து மனைவி வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. பதக்கத்தைப் பார்த்தாள். வெந்நீர் கொண்டுவந்து என் காலுக்கு ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்தாள். அந்த இதமான சூட்டில் எனக்குக் கதை ஊறியது. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஒரு நாய் துரத்தி, அதற்கே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டதைச் சொன்னேன். பதினெட்டாவதில் மயங்கி விழுந்த வாலிபன் ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் ஓடியதைச் சொன்னேன். தொண்ணூறு கிலோ இருப்பான். அவள் ‘உம்’ கொட்டிக்கொண்டே கேட்டாள்.

“திரும்புற இடத்துல யாருங்க இருந்தாங்க?”

“ஒரு தடியன். இவ்வளவு பெரிய மீசை. என் வயசைக் கேட்டதும் ஆடிப்போயிட்டான். எழுந்து நின்னு சல்யூட் அடிச்சுட்டுத்தான் இந்த வளையத்தையே மாட்டினான்.”

ஒத்தடத் துணியைப் பிழிந்து வைத்தாள். கைப்பையைத் திறந்து, தொண்டர்கள் போடும் மஞ்சள் தொப்பியை எடுத்து என் மடியில் வைத்தாள். அதன்மேல் ஒரு கை நிறைய நீல வளையங்களைக் கொட்டினாள்.

“எனக்கு எப்பங்க மீசை முளைச்சுது?”

கயிறு அறுந்த லிஃப்டில் நிற்பவன் எப்படி உணர்வான் என்று நாற்பது வருஷமாகத் தெரியாமல் இருந்தது, அன்றைக்குத் தெரிந்தது.

ஆள் பற்றவில்லை என்று மருந்துக் கடைக்காரர் புலம்பினாராம். அக்கா வீட்டுக்குப் போகாமல் இவள் அங்கே போய் நின்றாளாம். இருநூற்றுப் பன்னிரண்டு கைகளுக்கு மாட்டினாளாம். கடைசியாக வந்தவர் எழுபத்தோரு வயது பல் டாக்டராம்.

“அதுக்கப்புறமும் ஒரு மணி நேரம் உங்களுக்காக வெயில்ல நின்னேன்,” என்றாள். “எங்க விழுந்து கிடக்கறீங்களோன்னு பதறிப் போன் பண்ணினா, சார் பதக்கத்தோட போட்டோவுக்கு நிக்கறார்ங்கறாங்க.”

தரையைப் பார்த்தேன். தரையும் என்னை ஆதரிக்கவில்லை.

“யார்கிட்டயாவது சொல்லிட்டியா?”

“நான் ஏன் சொல்றேன்? உங்க மானம் என் மானம் இல்லையா? நீங்க ஜெயிச்சதாவே இருக்கட்டும். பேசினபடி எட்டு மணி வரைக்கும் தூங்குங்க. நான் எழுப்பினா ஏன்னு கேளுங்க.”

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்? சாயங்காலம் அவள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்ததைக்கூட நான் பெருமையாகத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அவள் அசையவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். மருந்துக் கடைக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் தெருவே நின்றது. எல்லார் காலிலும் புது ஷூ. பல் டாக்டர் கையைக் காலை உதறிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷப் பந்தயம் வரை தினமும் ஐந்து மணிக்கு நானே முன்னால் ஓடி எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கப்போவதாக வீட்டம்மா சொன்னார்களாம். இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும் என்று அவர் தழுதழுத்தார்.

முழங்கால் வலி என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏங்க, நேத்து மிஞ்சின நீல வளையம் நிறைய இருக்கு. எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் காட்டட்டுமா?”

ஷூவை எடுக்க உள்ளே வந்தேன். போர்வையில் என் பக்கத்தையும் சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்:

“திரும்பி வந்தா சத்தம் போடாம கதவைத் திறங்க. நான் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பேன்.”