கர்சீப் போட்ட கட்டில்

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கர்சீப் போட்டு இடம் பிடித்த மனிதர் பம்பாயிலேயே ஒருவர்தான். அவர் பெல்ட் பாய். தாராவியில் தோல் பெல்ட் தைக்கும் பட்டறை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெயரை நான் கேட்கவே இல்லை. எதையும் விடாமல் குறிக்கும் என் டைரியிலும் ‘பெல்ட் பாய்’ என்றுதான் இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில், மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய், மாட்டுங்காவிலிருந்து சயான் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்வேன். ஆறு தடவை என்று சொல்லியிருந்தார்கள். வார்டில் நாலு கட்டில். நோயாளிகள் ஏழெட்டுப் பேர். மூன்று கட்டில்களிலிருந்து பார்த்தால் கைகழுவும் தொட்டிதான் தெரியும். நாலாவது கட்டில் ஜன்னலோரம். காற்று வரும், லோக்கல் ரயில் போவதும் தெரியும்.

அதே செவ்வாய்களில் மருந்து ஏற்றிக்கொள்ள வரும் பாய், காலையில் கதவு திறந்ததும் நுழைந்து, ஜன்னல் கட்டிலில் பச்சைக் கட்டம் போட்ட கர்சீப்பை விரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து, ரயிலில் நிற்பவர் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பதுபோல் ஒவ்வொரு நோயாளியிடமும், "எங்க இறங்குதீரு?" என்பார். இன்னும் எத்தனை தடவை பாக்கி என்று அர்த்தம்.

நர்ஸ் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "பாய், யே காடி நஹி ஹை," என்றாள்.

பாய் என் பக்கம் திரும்பினார். "இது வண்டி இல்லயாம் சார். கூட்டத்தப் பாத்தா அப்படித் தெரியலியே."

எல்லாரும் இளைத்துக்கொண்டிருந்தோம். பாய் துளை போடும் உளியும் சுத்தியலும் பையில் கொண்டுவந்து, எங்கள் பெல்ட்டுகளில் புதுத் துளை போட்டுத் தருவார். எனக்கு மூன்று துளை. அதற்குள் அவருடையதில் ஐந்து.

தம் மருந்து பாட்டில் முடிந்தாலும் வீட்டுக்குப் போகமாட்டார். "கொஞ்சம் தள்ளும், நாலாவது சீட்டு," என்று என் கட்டில் ஓரத்தில் பாதி உடம்பை ஒட்டவைத்து உட்காருவார், மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆள் தொற்றிக்கொள்வதுபோல. என் பாட்டில் தீர்ந்தால்தான் எழுந்திருப்பார்.

நாலாவது தடவை, பாட்டில் பாதி இருக்கும்போதே மூன்று முறை வாந்தி. "போதும் பாய். இனிமே நான் வரப்போறதில்லை," என்றேன்.

"பாதியில இறங்குனா எங்கவே நிப்பீரு? ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வெறும் தண்டவாளந்தான். இனிமே ஜன்னல் கட்டில் உமக்கு. நான் கர்சீப் போட்டா போட்டதுதான்."

தனக்காக ஒருவர் பிடித்து வைத்த இடத்தைக் காலியாக விடப் பம்பாய்க்காரனுக்கு மனம் வராது. ஐந்தாவது தடவையும் போனேன். ஜன்னலோரம் படுத்தேன். பாய்க்கு அன்று பாட்டில் இல்லை. ரத்தம் போதவில்லை என்று டாக்டர் நிறுத்திவிட்டார். இருந்தும் நாலாவது சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்க இறங்கறேள் பாய்?" என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

அவர் அண்ணாந்து என் பாட்டிலைப் பார்த்தார். "இன்னும் கால்வாசி இருக்கு. பேசாமப் படும்."

ஆறாவது செவ்வாய், காலை எட்டு ஐந்துக்கு வார்டுக்குள் போனேன். ஜன்னல் கட்டிலில் பச்சைக் கட்டம் விரித்திருந்தது. பக்கத்தில் பாயின் சாயலில் ஒருவர் நின்றார், அவருடைய தம்பி.

"மாட்டுங்கா சாரா? அண்ணன் போன வெள்ளிக்கிழம மௌத்தாயிட்டாவ, அடக்கமும் முடிஞ்சுது. செவ்வாக்கிழம காலையில மொதல்ல போயி இதப் போட்டுரணும்னு சொல்லியிருந்தாவ."

கர்சீப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுத்தேன். கடைசி பாட்டில். அது தீரும் வரை, ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தள்ளியே படுத்திருந்தேன்.