யானையின் பின்கால்

"ஐயோ, யானை கிளம்பிடுச்சு!"

மருந்துக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டிய கையோடு ஓட்டமெடுத்தார். மைதானத்துக்கு வெளியே மேளம் அதிர, சாம்பல் நிறத் துணி யானை ஒன்று முன்னங்கால்களை மட்டும் வைத்துக்கொண்டு தவித்தது. பின்பாதி, காற்றுப் போன பலூனாகத் தரையில் கிடந்தது. குனிந்து உள்ளே பாய்ந்தார்.

வசந்த ஊர்வலத்தில் தெருவுக்கு ஒரு யானை, யானைக்கு இரண்டு பேர். கோப்பை வருஷா வருஷம் பக்கத்துத் தெருவுக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் தெருக் கமிட்டித் தலைவி இவருடைய மனைவி. "இந்தத் தடவையும் தோத்தா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று ஒரு மாதமாக அவளுக்குத் தூக்கமில்லை. முன்கால், அவள் தம்பி. பின்கால், வேறு ஆள் கிடைக்காமல், இவர்.

"கோச்சுக்காத மாப்ளே, இருமல் மருந்துக்கு ஒருத்தர் வந்துட்டார்."

"வரவே மாட்டீங்கன்னு நெனச்சேன். நடங்க!" அட்டைத் தலைக்குள்ளிருந்து வந்த குரல் பானைக்குள் பேசுவது போலிருந்தது.

நடந்தார். துணி காலில் சிக்கியது. வெடுக்கென்று இழுத்ததில் வால் கையோடு வந்துவிட்டது.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. வால் சும்மா கொஞ்சம் தளர்ந்திருக்கு."

வாலை ஓட்டை வழியாக வெளியே விட்டு, கையாலேயே ஆட்டினார்.

"அடேயப்பா, வாலைப் பாரு!" என்றது கூட்டம்.

ஒரு கை வாலுக்குப் போனதில் முதுகுத் துணி இரண்டாகப் பிரிய ஆரம்பித்தது. சட்டையிலிருந்த ஊக்கை எடுத்து, இருட்டில் தடவி, முன்பாதியோடு சேர்த்துக் குத்தினார். துணியில் குத்தவில்லை.

"அம்மாஆஆ!"

அந்த அலறல் நீளத் தும்பிக்கை வழியாக வெளியேறியபோது அசல் பிளிறலாகியிருந்தது. யானை முன்னங்கால்களைத் தூக்கி எகிறியது. மேளம் நின்றுபோனது.

"இரு, இரு, எடுத்துடறேன்!"

குனிந்தவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. தொப்பென்று உட்கார்ந்தார். இழுபட்ட முன்பாதியும் மண்டியிட்டது, நேராக நடுவர் மேடைக்கு எதிரே, தும்பிக்கையை வானத்துக்குத் தூக்கியபடி.

எல்லாம் போச்சு. வால் ஓட்டையில் கண்ணை வைத்தார்.

எத்தனை முகங்கள்! ஒரு வாய்கூட மூடியிருக்கவில்லை. ஐஸ் விற்பவர், ஐஸ் உருகி முழங்கைவரை வழிவது தெரியாமல் நின்றார். கைக்குழந்தை ஒன்று அழுகையைப் பாதியில் நிறுத்தியிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்திருந்தார். பழைய போர்வையும் மூங்கிலும் பசையுமான இந்தக் கூட்டுக்குள் நிஜமாகவே எதுவோ வந்து இறங்கிவிட்டதோ? மருந்துக்கடைக்காரருக்கே மேலெல்லாம் சிலிர்த்தது.

"மாப்ளே... கும்பிடறாங்கடா!"

"ஊக்கை எடுங்க மொதல்ல!"

மைக்கில் நடுவரின் குரல் தழுதழுத்தது. "யோசிக்கவே வேண்டாம். முதல் பரிசு இந்த யானைக்குத்தான்!"

மைதானம் வெடித்தது. கையில் வாலோடு ஊர்ந்து வெளியே வந்தவரிடம் யாரோ கோப்பையைத் திணித்தார்கள். இரு கைகளாலும் உயரத் தூக்கி, மனைவியைத் தேடினார். முன்வரிசையில் நின்ற அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பாவம், சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது, இடுப்புவரை யானைக்கால் மாட்டியிருந்த மைத்துனன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசல் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மாமா! பின்கால் இல்லேன்னு நம்ம யானையை வாசல்லயே நிறுத்திட்டாங்க. நீங்க எதுக்குப் பக்கத்துத் தெரு யானைக்குள்ளேருந்து வர்றீங்க?"