மூன்று கடலை மிட்டாய், நான்கு பிள்ளைகள்

திருத்தணி,
12.8.2003.

கர்த்தருக்குள் அன்பான ஜெபரத்தினம் மாமாவுக்கு, உங்கள் ஒரே மச்சான் டேவிட்சன் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும், டெபோரா அக்கா சமையலைத் தாங்குகிற உங்கள் வயிற்றின் சுகத்துக்கும் தனித்தனியாக ஜெபித்துக்கொள்கிறோம்.

நிற்க. உலகுக்கு அறிவிப்பது என்னவென்றால், சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ரசத்திலிருந்து காணாமல் போன உப்பு, நேற்று மாலை பத்திரமாக வீடு திரும்பியது.

அது ஏன் போனது என்று கேட்பீர்கள். அம்மாவின் பாடக் குறிப்பேட்டால் போனது. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் என்ன கற்றிருப்பார்கள் என்று வாராவாரம் அதில் 'நோக்கம்' எழுத வேண்டும், நீங்களும் வாத்தியார், உங்களுக்குத் தெரியாததா? இருபத்திரண்டு வருஷமாக அம்மா எழுதுவது ஒரே வரி. 'மாணவர்கள் பின்னங்களைப் பற்றி அறிவர்.' போன வாரம் 'மழையைப் பற்றி அறிவர்'. அதற்கு முன் 'மாட்டைப் பற்றி அறிவர்'. வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்பார்கள், நாலாம் வகுப்பே "ஆங் டீச்சர்!" என்று கூரை அதிரக் கத்தும், எல்லோரும் அறிந்தாயிற்று. ஆனால் புதிதாக வந்திருக்கும் அதிகாரி கிருஷ்ணன் சார் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில், 'அறிந்தார்கள் என்று நீங்கள் எப்படி அறிவீர்கள்?' என்று எழுதிவிட்டார். அதோடு விட்டாரா? திங்கட்கிழமை வகுப்புக்கே வந்து பார்ப்பாராம், சரியில்லை என்றால் திருவள்ளூரில் புது வாத்தியார்களுக்கு நடக்கும் பத்து நாள் பயிற்சிக்கு அம்மாவையும் அனுப்புவாராம்.

அதாவது மாமா, நீங்கள் போகிற அதே பயிற்சிக்கு! நீங்கள் வீட்டுக்கு வந்தாலே அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதானே "மாப்ள சாப்டாரா?" என்று கேட்பார்கள்?

"மாப்ள எதிர்ல நானு பெஞ்சுல குந்தறதா? இருவத்திரெண்டு வருஷம் பாடம் நடத்திட்டு? அதுக்கு வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான், ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டார்கள்.

இந்த இக்கட்டான நேரத்தில்தான் பிளஸ் ஒன் படிக்கும் கல்வி மேதை டேவிட்சனாகிய நான் களத்தில் இறங்கினேன். சனிக்கிழமை காலை அம்மாவைக் கூப்பிட்டு, "யம்மா, இப்ப எங்கிட்ட இன்னா சொன்ன?" என்றேன்.

"இன்னா சொன்னேன்? பத்து நிமிஷத்துல குளிச்சு, தலை துவட்டி, அத்தினி பொத்தானும் போட்டுகினு வாசல்ல நிக்கணும். நின்னாத்தான் இட்லின்னேன்."

"'டேவிட்சன் தூய்மையைப் பற்றி அறிவான்'னு சொல்லலியே?"

அம்மா கரண்டியோடு போய்க் குறிப்பேட்டை எடுத்து வந்தார்கள். பிறகென்ன, குறிப்பேட்டை வாங்கி நானே நோக்கத்தை எழுதினேன். 'பாடம் முடிவில், நான்கு பேர் கொண்ட குழு மூன்று கடலை மிட்டாயைச் சமமாகப் பிரித்து, ஒருவருக்குக் கிடைத்ததைப் பின்னமாகப் பலகையில் எழுதும்.'

திங்கட்கிழமை பாட்டனி பீரியடில் எனக்குச் சரியாக வயிற்றுவலி வந்ததால், அம்மா பள்ளிக்கு நழுவிப் போய், நாலாம் வகுப்பு ஜன்னலில் நின்று எல்லாம் பார்த்தேன். அம்மா "புரிஞ்சுதா?" என்றதும் வழக்கம்போலக் கூரை அதிர்ந்தது. எல்லோரையும் விடச் சத்தமாக "ஆங்" சொன்ன பெருமாள்தான் முதலில் பிரித்தான். மூன்று பேருக்கு ஆளுக்கொரு முழு மிட்டாய், நாலாவதாக நின்ற பத்மப்ரியாவுக்குக் காகிதத்தில் ஒட்டியிருந்த தூள்! அந்தப் பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "டீச்சர், இவன் ஆங்குன்னு சும்மா சொன்னான்" என்றது. அம்மா அசரவில்லை. "ஒண்ண எத்தினியா ஒடைச்சா நாலு பேருக்கும் வரும்?" என்று மட்டும் கேட்டார்கள். ஒவ்வொரு மிட்டாயையும் நாலாக உடைத்து, ஆளுக்கு மூன்று துண்டு எண்ணிக் கொடுத்து, பெருமாளே போய் 3/4 என்று எழுதிவிட்டு வந்தான். கிருஷ்ணன் சார், "இப்ப யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியலன்னு எனக்கே தெரியுதுங்க டீச்சர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆகவே பயிற்சியில் உங்கள் பக்கத்து இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு, ஆசிரியர்களின் ஆசிரியன்,
டேவிட்சன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அம்மா வாங்கிப் படித்துவிட்டார்கள். "மாப்ளைக்குப் பொய் போவக்கூடாது" என்று கீழ்க்கண்ட நோக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள்: 'இப்பின்குறிப்பின் முடிவில் டேவிட்சன் உண்மையை ஐந்து வரிக்குள் எழுதுவான்.' சரி. அந்தக் குளியல் கேள்வியை நான் கேட்டது குளிக்காமல் தப்பிப்பதற்காக. குறிப்பேட்டில் நான் எழுதியது, 'பாடம் முடிவில் மாணவர்கள் டீச்சரின் பிரம்பை ஒளித்துவைப்பர்.' ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து அம்மா அதைப் பார்த்துக் கிழித்துவிட்டு, மிட்டாய் நோக்கத்தை அவர்களே எழுதினார்கள். என் பங்கு கடைக்குப் போனது மட்டும். அதிலும் "மூணு, முழுசா" என்று சொல்லி அனுப்பியும் இரண்டரையோடு வந்ததால் இன்னொரு தரம் போனேன். பதினாறு வருஷமாக எனக்குப் புரிகிற மாதிரியே சொல்லி வளர்த்ததற்கு அம்மாவுக்கு நன்றி. இதை நேரில் சொல்ல வெட்கமாக இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன், எப்படியும் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார்கள்.

ஐந்து வரி தாண்டிவிட்டது. அம்மா இன்னும் டிக் போடவில்லை.